ஈவாவுக்கு நாற்பத்தைந்துதான்

அருப்புக்கோட்டை,
12.11.2025.

கர்த்தரின் கிருபையால் எண்பத்து நான்கு வயதிலும் கண்ணாடி போடாமல் வேதம் வாசிக்கும் என் மூத்த அண்ணன், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் சுவாமிதாஸ் அவர்களின் சமூகத்துக்கு, தம்பி பாக்கியநாதன் ஸ்தோத்திரத்துடன் எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் ஜெயக்கொடியும் மகள் ஈவா வீட்டில் அவள் போடும் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டு சுகமாக இருக்கிறோம். அவ்விடம் மதினியின் முழங்கால் எப்படி? தூத்துக்குடி உப்புக்காற்று மூட்டுக்கு ஆகாது என்று அன்றைக்கே சொன்னேன், நீங்கள் கேட்கவில்லை. இங்கே மழை இரண்டு நாள் வந்து முகத்தைக் காட்டிவிட்டு விருதுநகர்ப் பக்கம் போய்விட்டது. திருச்சுழிப் பக்கம் விதைத்தவர்கள் எல்லாம் அண்ணாந்து பார்த்தபடி இருக்கிறார்கள். நிற்க.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் உங்களுக்குக் காது கொஞ்சம் மந்தம், எனக்குத் தொண்டை கண்டக்டர் தொண்டை. நான் இங்கே கத்த, நீங்கள் அங்கே "என்னது, யாருக்கு வயசு?" என்று திருப்பிக் கத்த, ஒரு பெண்பிள்ளையின் வயதை இரண்டு ஜில்லாக்காரர்கள் கேட்கும்படி ஆகிவிடும். ஆகவே கடிதம்.

விஷயம் ஒன்றும் பெரிதல்ல. 1984ஆம் வருடம் ஜூன் மாதம் நம்ம ஊர் மிஷன் பள்ளிக்கூடத்தில் நீங்கள் தலைமையாசிரியராக இருந்தபோது, ஈவாவை ஒன்றாம் வகுப்பில் சேர்த்து, பிறந்த தேதி 1.6.1979 என்று உங்கள் கையால் எழுதினீர்களே, அந்தத் தேதி பொய் என்று ஒரு பிரமாணப் பத்திரம் எழுதி, நோட்டரி முன் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். வாசகத்தை நானே எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். கோபப்பட வேண்டாம். முழுவதும் வாசியுங்கள்.

அன்றைக்கு நடந்தது எனக்கு நேற்று நடந்ததுபோல் இருக்கிறது. பிள்ளைக்கு அப்போது நாலு வயதுதான். வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொட்டால் ஐந்து வயது என்பதுதான் அந்தக் காலத்துச் சட்டம். பிள்ளையின் கை காதுக்கு எட்டவில்லை. நான் விரலைப் பிடித்து இழுத்தேன். பிள்ளை வீல் என்று அழுதது. "விடுலே, தொட்டாச்சு தொட்டாச்சு" என்று சொல்லி நீங்கள் பேனாவைத் திறந்தீர்கள். அந்த வருடம் சேர்ந்த இருபத்தாறு பிள்ளைகளுக்கும் ஜூன் ஒன்றாம் தேதியே பிறந்த நாள். ஒரே நாளில் இருபத்தாறு பிரசவம் பார்த்த ஊர் நம்ம ஊர் ஒன்றாகத்தான் இருக்கும். நான் குறை சொல்லவில்லை. முப்பத்தைந்து வருடம் அருப்புக்கோட்டை, திருச்சுழி, வீரசோழன் பஸ்ஸில் பை மாட்டியவன் நான். வயது எப்படி ஏறும், எப்படி இறங்கும் என்பது எனக்குத் தெரியாதா? மீசை அரும்பிய பயலை மடியில் உட்கார வைத்து "பன்னெண்டு முடியலங்க, அரை டிக்கெட்டு போடுங்க" என்பாள் தாய். அதே பயல் பள்ளிக்கூட வாசலில் இறங்கும்போது ஒரு வயது ஏறியிருப்பான். கல்யாணப் பேச்சு எடுத்தால் மூன்று குறைந்துவிடும். முதியோர் பென்ஷன் மனுவில் ஒரே ராத்திரியில் அறுபது ஆகிவிடும். நம் ஊரில் வயது என்பது போகிற இடத்தைப் பொறுத்தது. அது இப்போது ஈவாவைக் கடித்துவிட்டது என்பதுதான் என் வருத்தம்.

ஈவா இங்கே ஒரு கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுப்பது உங்களுக்குத் தெரியும். சுயநிதிப் பிரிவில் பத்தொன்பது வருடம். சீமைக்கருவேலம் எப்படி நம் கண்மாய்களைத் தின்றது என்று ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் வாங்கியவள். அந்த நாலு வருடமும் முள் குத்தினது எனக்கு, பட்டம் அவளுக்கு. போன மே மாதம் அரசு சம்பளம் வரும் நிரந்தரப் பணியிடம் ஒன்று அவள் துறையில் காலியானது. நாங்கள் எல்லோரும் இது ஈவாவுக்கு என்றே கட்டிய பந்தல் என்று நினைத்தோம். ஜெயக்கொடி கோயிலில் நன்றிக் காணிக்கைக்குத் தேதியே குறித்துவிட்டாள். ஜூனில் நேர்முகத் தேர்வு நடந்தது. உள்ளே நடந்ததை டீ கொண்டுபோன அட்டெண்டர் சங்கையா எனக்கு அப்படியே சொன்னார். அவர் என் பஸ்ஸில் இருபது வருடம் வந்தவர், பொய் சொல்ல மாட்டார்.

"பாடத்துல ஒரு கேள்விகூடக் கேக்கலண்ணே. வீட்டுக்காரரு பரமக்குடியில வேல பாக்காரே, நீங்க அங்கிட்டுப் போயிருவீகளான்னாக. பொண்ணு பன்னெண்டாப்பாச்சே, இந்த வருசம் லீவு நெறயப் போடுவீகளான்னாக. சுகர் இருக்கான்னாக. கடேசியா, லேபு மூணாவது மாடி, இந்த வயசுல ஏற முடியுமான்னாக. மேடம் சிரிச்சுக்கிட்டே, 'பத்தொம்பது வருசமா ஏறிக்கிட்டுத்தான் இருக்கேன் சார், நீங்கதான் இன்னும் மேல வந்து பாக்கல'ன்னாக. அப்புறம் ஒருத்தரும் டீயக் குடிக்கல."

வேலை கோகுல் என்ற இருபத்தெட்டு வயதுப் பையனுக்குப் போய்விட்டது. அவன் ஈவாவிடமே படித்தவன். அவனிடம் என்ன கேட்டார்கள் என்று விசாரித்தேன். சொந்த ஊர் எது, கிரிக்கெட் ஆடுவாயா, கல்லூரி டீமைப் பார்த்துக்கொள்வாயா என்று கேட்டார்களாம். அவன் கல்யாணம் செய்தால் லீவு போடுவானா என்று கேட்கவில்லை. பையனைத் திட்டி எழுத எனக்கு மனம் வரவில்லை அண்ணன். ஆர்டர் கையில் வந்த மறுநாள் வீட்டுக்கு வந்து, செருப்பை வாசலிலேயே விட்டு, "மேடம், எனக்கு அழுறதா சிரிக்கிறதான்னு தெரியல" என்றான். இப்போதும் தினம் காலை ஏழரைக்குப் போன் வருகிறது, இன்றைக்கு நடத்த வேண்டிய பாடத்தை இவள் தோசைக் கரண்டியோடு நின்று அவனுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். வேலை அவனுக்கு, பாடம் இவளுக்கு.

ஈவா அழுவாள் என்று நாங்கள் பயந்தோம். அவள் அழவில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு, தேர்வுக் குழுவின் கூட்டக் குறிப்பை வாங்கிவிட்டாள். அதில் எழுதியிருப்பதை அப்படியே தருகிறேன்: "விண்ணப்பதாரர் நாற்பத்தைந்து வயதைக் கடந்தவர். குடும்பப் பொறுப்புகள் உள்ளவர். நீண்ட காலம் பணியாற்றத்தக்க இளைஞரைத் தேர்வது துறைக்கு நலம்." கையெழுத்துப் போட்டிருக்கும் செயலருக்கு வயது எழுபத்தெட்டு. ஆண்டு விழா மேடையில் அவரை இரண்டு பேர் தாங்கி ஏற்றுவார்கள், மூன்று பேர் இறக்குவார்கள். அவருக்கு இன்னும் எவ்வளவு காலம் பாக்கி என்று யாரும் குறிப்பெழுதியதாகத் தெரியவில்லை. அரசாங்கமே அறுபது வரை வேலை பார்க்கலாம் என்கிறது. வயதையும் பெண் என்பதையும் காரணம் காட்டி ஒதுக்கியது தவறு, தகுதியை மட்டும் பார்த்து மறுபடி தேர்வு நடத்த வேண்டும் என்று பல்கலைக்கழகத்தில் ஈவா புகார் கொடுத்தாள். விசாரிக்க ஒரு குழு போட்டார்கள். இம்மாதம் மூன்றாம் தேதி விசாரணை.

நான் கூடப் போனேன். போகாமல் இருந்திருக்கலாம் என்று ஜெயக்கொடி சொல்கிறாள். எனக்கோ அந்தக் குறிப்பைப் படித்த நாளிலிருந்து தூக்கம் இல்லை. "நாற்பத்தைந்தைக் கடந்தவர்" என்றல்லவா எழுதியிருக்கிறார்கள். சான்றிதழ்படி ஈவாவுக்கு நாற்பத்தாறு. உண்மையில் நாற்பத்தைந்துதானே. நாலு வயதுப் பிள்ளையை ஐந்து என்று சேர்த்த பாவம் அல்லவா இது. அந்த ஒரு வயதைக் கழித்துவிட்டால் அவர்கள் சொன்ன காரணமே விழுந்துவிடும், கேஸ் நம் பக்கம் என்று கணக்குப் போட்டேன். ஈவாவிடம் சொன்னால் வேண்டாம் என்பாள், ஆகவே சொல்லவில்லை. குழுவின் தலைவர் காளீஸ்வரி அம்மாள், ஓய்வு பெற்ற பேராசிரியை, நல்ல முகம். ஈவா எழுந்து வயதைப் பார்ப்பது ஏன் தவறு என்று கால் மணி நேரம் பேசினாள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அவள் உட்கார்ந்ததும் நான் எழுந்தேன். "அம்மா, இவளுக்கு நாற்பத்தாறே இல்லை. நாற்பத்தைந்துதான். அந்தச் சான்றிதழ் பொய்" என்றேன்.

கல்லூரி வக்கீல் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் எந்த வக்கீல் முகத்திலும் பார்த்ததில்லை. "சான்றிதழ் பொய் என்று விண்ணப்பதாரரின் தகப்பனாரே சொல்கிறார், பதிவு செய்துகொள்ளுங்கள்" என்றார். நான் விடவில்லை. ஆதாரம் இருக்கிறது என்று பையிலிருந்து ஒன்றாம் வகுப்புக் குரூப் போட்டோவை எடுத்து மேசையில் வைத்தேன். கடைசி வரிசையில், பையன்களைவிட ஒரு தலை உயரமாக, முறைத்துக்கொண்டு நிற்பதுதான் ஈவா. காளீஸ்வரி அம்மாள் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, போட்டுப் பார்த்தார். "நாலு வயசுப் பிள்ளையா ஐயா இது?" என்றார். "கம்மங்கூழ் அம்மா" என்றேன். விசாரணையை இருபத்தேழாம் தேதிக்குத் தள்ளிவைத்துவிட்டார்கள்.

வெளியே வந்ததும் ஈவா சொன்னது இவ்வளவுதான். "அப்பா, வயசப் பாக்கக் கூடாதுன்னு நான் கேஸ் போட்டிருக்கேன். நீங்க என் வயசக் கொறச்சு ஜெயிக்கப் பாக்கீக. அப்ப அவுக சொன்னது சரிதான்னு ஆகாதா?" அதோடு பஸ்ஸில் ஏறி முன்னால் பெண்கள் சீட்டில் உட்கார்ந்துவிட்டாள். பாலவனத்தம் தாண்டும்வரை ஒருதரம் திரும்பிப் பார்ப்பாள் என்று பின்னால் இருந்து பார்த்துக்கொண்டே வந்தேன். பார்க்கவில்லை. ஒன்பது நாளாகிறது, என்னோடு பேச்சில்லை. சாப்பாடு வருகிறது, மாத்திரை வருகிறது, வெந்நீர் வருகிறது, பேச்சு மட்டும் வரவில்லை. என் பேத்தி நடுவில் நின்று, "தாத்தா, அம்மா தயிர் வேணுமான்னு கேக்காங்க" என்று தபால் சேவை செய்கிறது. எழுபத்தாறு வயதில் மகளிடம் பேச்சு வாங்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குப் புரியாது, உங்களுக்கு இரண்டும் ஆண்பிள்ளைகள். அவளுக்கு இந்த வேலை போனால் அது என்னால் போனதாக இருக்கும்.

ஆரம்பித்ததைப் பாதியில் விடக் கூடாது என்று மறுநாளே நம்ம ஊருக்குப் போனேன். கோயிலில் ஞானஸ்நானப் பதிவேடு இருக்குமே, அதில் உண்மையான பிறந்த தேதி இருக்கும். போதகர் புதியவர், சின்ன வயது, என் கணிப்பில் முப்பத்தொன்று. கேட்டேன், முப்பத்தொன்றேதான். பதிவேடு செல்லரித்துப் போனதால் அட்டை கட்டக் கொடுத்திருப்பதாகவும், வந்ததும் பக்கத்தைப் படம் எடுத்துப் போனில் அனுப்புவதாகவும் சொன்னார். இந்த ஓட்டத்தையெல்லாம் பார்த்துக்கொண்டு ஜெயக்கொடி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருக்கிறாள். உதவி கிடையாது. "நீ பெத்தவதானே, சாட்சி சொல்லேன்" என்றால், "அன்னைக்கு இழுத்தது யாரு கையன்னு நல்லா யோசிச்சுப் பாருங்க" என்கிறாள். "யார் கையாம்?" என்றால், "நான் சொன்னா நாப்பது வருசமா கேட்டீகளாக்கும்" என்று கீரையோடு உள்ளே போய்விடுகிறாள். வயதானால் பெண்களுக்கு ஞாபகம் மங்கும் போலிருக்கிறது. மகன் எட்வினுக்குப் போன் போட்டேன். அக்காவுக்கு உதவுவான் என்று பார்த்தால், அவன் பாங்கில் ஒரு வருடம் முன்னாடியே ரிட்டயர் ஆக வேண்டி வருகிறதே என்று உங்கள் பெயரைச் சொல்லிப் புலம்புகிறான். அவனுக்கும் உங்களுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குப் புரியவில்லை. அவரவர்க்கு அவரவர் கவலை.

ஆகவே அண்ணன், நீங்கள் ஒருவர்தான் கதி. 1984இல் பிள்ளைக்கு நாலு வயது, கை எட்டவில்லை, தம்பி கெஞ்சியதால் ஐந்து என்று எழுதினேன் என்று நாலு வரி. தலைமையாசிரியர் சொன்னால் காளீஸ்வரி அம்மாள் நம்புவார். முடிந்தால் இருபத்தேழாம் தேதி நேரிலேயே வந்துவிடுங்கள். ஜன்னலோரச் சீட்டுக்கு நான் பொறுப்பு. டிரைவர் செல்லப்பாண்டி மகன் இப்போது அந்த ரூட்டில்தான் ஓட்டுகிறான்.

மதினிக்கு என் அன்பின் ஸ்தோத்திரம். பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் என் முத்தங்கள். கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் காத்து, உங்கள் கையெழுத்து நடுங்காமலும் வைத்திருப்பாராக.

இப்படிக்கு,
என்றும் உங்கள் சொல்லுக்கு அடங்கிய தம்பி,
பாக்கியநாதன்.

பி.கு. (14ஆம் தேதி எழுதுவது): உறையை ஒட்டிய பிறகு பிரித்து எழுதுகிறேன். பிரமாணப் பத்திரம் வேண்டாம். நீங்களும் வர வேண்டாம். நோட்டரி பக்கமே போய்விடாதீர்கள்.

நேற்று மத்தியானம் போதகரிடமிருந்து படம் வந்தது. பேத்தி பெரிதாக்கிக் காட்டினாள். எட்வின், பிறப்பு 1981. அதற்கு நாலு பக்கம் முன்னால் ஈவா, பிறப்பு 11.2.1977. நான் போனைத் தலைகீழாகக்கூடத் திருப்பிப் பார்த்தேன், அண்ணே. ஈவாவுக்கு நாற்பத்தைந்தும் இல்லை, நாற்பத்தாறும் இல்லை, நாற்பத்தெட்டு.

ஜெயக்கொடி சுளகைக் கீழே வைத்துவிட்டு வந்து சொன்னாள். "கைய இழுத்தது எட்வின் கைய. அவனச் சேத்தது மறு வருசம். பய புத்திசாலி, வீட்டுல இருந்தா வீணாப் போவான்னு நாலு வயசுல தூக்கிட்டுப் போனீக. ஈவா சேரும்போது ஏழு முடிஞ்சிருச்சு. அவ கை காதத் தாண்டித் தொங்குச்சு."

"ரெண்டு வருசம் ஏன் சேக்கல?" என்று நானே கேட்டேன்.

"நான் மொளகாக் காட்டுக்குப் போயிருவேன். நீங்க பஸ்ஸுக்குப் போயிருவீக. எட்வினுக்குத் தொட்டில ஆட்ட ஆளு வேணாமா? பொம்பளப் பிள்ள, ரெண்டு வருசம் கழிச்சுப் படிச்சா ஒண்ணும் கொறஞ்சிறாதுன்னு நீங்கதான் சொன்னீக."

நான் சொல்லியிருக்கிறேன் அண்ணே. சொன்ன வாய் இதுதான். எனக்கு ஞாபகமே இல்லை. எட்வின் கையைப் பிடித்து இழுத்ததை மட்டும் ஈவா கையாக்கி நாற்பது வருடம் மனதில் வைத்துக்கொண்டு, பிள்ளையைச் சீக்கிரம் படிக்கப் போட்ட தகப்பன் என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். ஏழு வயதுப் பிள்ளைக்கு நீங்கள் ஐந்து என்று ஏன் எழுதினீர்கள் என்பது இப்போதுதான் புரிகிறது. நான் எடுத்துக்கொண்ட இரண்டு வருடத்தை நீங்கள் பேனாவால் அவளுக்குத் திருப்பிக் கொடுத்திருக்கிறீர்கள். அந்தத் தேதியைத்தான் பொய் என்று எழுதி வாங்கக் கிளம்பினேன்.

சாயங்காலம் ஈவா வந்ததும் போனை நீட்டினேன். பார்த்துவிட்டு, பத்து நாளில் முதல் தடவையாக என்னிடம் பேசினாள். "எனக்குத் தெரியும்ப்பா. ஒண்ணாப்புல எல்லாரும் என்ன டீச்சர்னு கூப்பிடுவாங்க." பைக்குள் இருந்து ஒரு கடிதத்தை எடுத்துக் கொடுத்தாள். பள்ளிச் சான்றிதழில் உள்ள தேதியே இறுதி, தகப்பனாரின் கூற்றும் கம்மங்கூழும் பரிசீலனைக்கு எடுத்துக்கொள்ளப்படவில்லை என்று விசாரணைக் குழு எழுதியிருக்கிறது. கம்மங்கூழ் என்று எழுதவில்லை, அதை ஈவா சேர்த்து வாசித்தாள்.

இருபத்தேழாம் தேதி நானும் வரலாமாம். வாயைத் திறக்கக் கூடாது என்பது நிபந்தனை. அதிலும் ஒரு விலக்குக் கொடுத்திருக்கிறாள். "குடும்பப் பொறுப்பு உள்ளவள்னு எழுதியிருக்காகள்ல, அது அஞ்சு வயசுல இருந்தே இருக்கு, அதச் சொமந்துக்கிட்டுத்தான் டாக்டர் பட்டம் வரைக்கும் வந்தேன்னு சொல்லப் போறேன். நம்பாட்டி, அப்ப எந்திரிச்சு, தொட்டில யாரு ஆட்டுனான்னு மட்டும் சொல்லுங்க."

சொல்லுவேன். இந்தத் தடவை போட்டோ கொண்டுபோக மாட்டேன்.